கோர்வையின் இணைப்பு

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் பட்டுத்தறி இருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. தெருவில் நின்றால் ‘டக், டக்’ என்ற சத்தமே வழிகாட்டும்.

உள்ளே குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் கால்களால் மிதிகளை மிதிக்கிறார். நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் திறக்க, இழை சுமக்கும் நாடா ஓட, குறுக்கே ஊடை இழை விழுகிறது. இதைக் கற்றுக்கொள்ளப் புத்தகம் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் கை பழக வேண்டும்.

அப்படிப் பழகியவர்கள் பெரும்பாலும் கோர்வை நெசவில் துணையாளாகத்தான் தொடங்கினார்கள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டு கரை, ஓர் உடல் என 3 நாடாக்கள். நெசவாளர் ஒரு பக்கம் ஓட்ட, துணையாள் மறுபக்கக் கரையின் நாடாவை வாங்கித் தருவார். இரு நிற இழைகளும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை தவறினாலும் கரையோரம் இடைவெளி விழுந்துவிடும்.

முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் இன்னொரு வித்தை: பிட்னி. பழைய பாவு இழையோடு புதிய நிற இழையைச் சேர்த்து, விரல்களில் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், முடிச்சு கிடையாது.

இனி நல்ல கோர்வைச் சேலை கையில் வந்தால், உடலும் கரையும் சேரும் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே இரண்டு பேரின் கைகள் இருக்கின்றன.