பேய்க்குப் பின்னால் நிற்பவன் யார்?

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறீர்கள், பிறகு பேய்க்கதை ஏட்டைக் கையில் எடுப்பானேன்?" என்று வைதீக நண்பர் நம்மைக் கேட்கிறார். "அறிவுக்கு விருந்தளிக்கும் ஏடுகள் ஆயிரம் இருக்க, மயிர்க்கூச்செறியும் குப்பைக்கு மதிப்புரை எதற்கு?" என்று நம் தோழரே கேட்கிறார்.

இருவருக்கும் நாம் கூறும் விடை ஒன்றே. அச்சம் அற்பப் பொருளன்று. ஆண்டைகளுக்கு அரியணை தந்தது அது. புரோகிதனின் உண்டியலை நிரப்பியது அது. பெண்ணை அடுக்களையிலும் உழைப்பவனைச் சேரியிலும் பூட்டிவைத்த பூட்டும் அதுவே. அந்த அச்சத்தையே மூலப்பொருளாகக் கொண்டு எழும் இலக்கியத்தைப் பொழுதுபோக்கு என்று புறந்தள்ளிவிட்டுப் போக, அச்சத்தை எதிர்த்துப் போராடுவோருக்கு உரிமையில்லை. படிக்க வேண்டும்; பிரித்துப் பார்க்க வேண்டும்; பிறகே தீர்ப்புக் கூறவேண்டும்.

திகில் நாவல்களுக்கு மதிப்புரை எழுதுவோர் வழக்கமாகக் கூறுவது என்ன? "இரவெல்லாம் உறக்கமில்லை, விளக்கை அணைக்கத் துணிவில்லை" என்பர். அதுவே புகழுரை! மிளகாயின் காரத்தைக் கூறுவது சமையலைக் கூறுவதாகுமா? எவ்வளவு நடுங்கினோம் என்பது ஒரு கணக்கு, அவ்வளவே. நாம் கேட்கும் கேள்வி வேறு. ஏட்டை மூடிவைத்த பிறகு, படித்தவன் யாரைக் கண்டு அஞ்சுகிறான்? இல்லாத பேயைக் கண்டா, அந்தப் பேயின் பெயரால் ஆதாயம் தேடும் மனிதனைக் கண்டா? இந்த உரைகல்லில் உலகறிந்த சில கதைகளை உரைத்துப் பார்ப்போம்.

முதலில், 1902-இல் நூலாக வெளிவந்த ஆர்தர் கானன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை. இங்கிலாந்தின் டார்ட்மூர்ச் சதுப்பு நிலம். அங்கே பழங்குடிப் பெருமை பேசும் ஒரு குடும்பம். அக்குடும்பத்தைப் பேய்நாய் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் துரத்துகிறது என்று ஒரு பழங்கதை. சர் சார்லஸ் என்னும் முதியவர் இரவில் இறந்து கிடக்கிறார். அருகே பெரியதொரு நாயின் காலடித் தடம். ஊரே நடுங்குகிறது. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் மட்டும் நடுங்கவில்லை. நாய் நரகத்திலிருந்து வந்ததா என்று அவர் தவிக்கவில்லை. இந்தச் சாவினால் யாருக்கு இலாபம் என்று ஆராய்கிறார்.

விடை கிடைக்கிறது. பத்து இலட்சம் பவுனை நெருங்கும் சொத்து! அதன்மீது கண்வைத்த மறைமுக வாரிசு ஸ்டேபிள்டன், முதியவரின் இதயம் பலவீனமானது என்பதையும், அவர் மூதாதையர் கதையை மெய்யென்று நம்புகிறார் என்பதையும் அறிந்துகொள்கிறான். இலண்டனில் ஒரு நாயை விலைக்கு வாங்குகிறான். ஒளிரும் மருந்தை அதன்மீது பூசுகிறான். பேய் ஆயத்தம்! கொன்றது நாயா? இல்லை, நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஆயுதமாக்கியவன் மனிதன். தன் மனைவியையே தங்கை என்று ஊராரிடம் கூறி ஏய்த்தவன். கடைசியில் அவளைக் கட்டிப்போட்டு வாயையும் அடைத்தவன். பேயைக் கிளப்பிவிடுகிறவன் வீட்டிலும் விலங்கு இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியுமா?

இதைப் படித்து முடித்தவன் இருட்டைக் கண்டு அஞ்சமாட்டான்; இருட்டிலே நிற்பவன் கையில் மருந்துப் புட்டி இருக்கிறதா என்று பார்ப்பான். அதனால்தான் இதை நல்ல திகில் நாவல் என்கிறோம்.

ஆனால் ஒரு விந்தை பாருங்கள்! ஹோம்சைப் படைத்த அதே டாயில், பிற்காலத்தில் ஆவியுலகத்தின் பரப்புரையாளரானார். 1917-இல் காட்டிங்லி என்னும் சிற்றூரில் இரண்டு சிறுமியர் எடுத்த புகைப்படங்களில் சிறகு முளைத்த வனதேவதைகள் காட்சி தந்தன. டாயில் நம்பினார், 1922-இல் அதுபற்றி ஒரு நூலே எழுதினார். அந்தச் சிறுமியர் மூதாட்டிகளான பின்னர், காகிதத்தில் வரைந்து வெட்டிய உருவங்களை வைத்துப் படமெடுத்ததாக 1983-இல் ஒப்புக்கொண்டனர். ஒளி பூசிய நாயைக் கண்டுபிடிக்க ஹோம்சுக்குக் கற்பித்தவர், காகிதத் தேவதையிடம் தோற்றார்! படித்தவர் மூடநம்பிக்கைக்கு ஆளாகமாட்டார் என்று எண்ணுவோருக்கு இது பாடம். நமக்கோ இன்னொரு பாடமும் உண்டு. ஆசிரியர் எதை நம்பினார் என்பதைக் கொண்டு நாவலை அளக்கலாகாது. நாவல் எதைக் காட்டுகிறது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும்.

அடுத்து, சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1892-இல் வெளியிட்ட மஞ்சள் சுவர்த்தாள் கதை. அளவில் சிறுகதை, ஆற்றலில் பல நாவல்களுக்குத் தாய். பிள்ளை பெற்ற பின் மனம் தளர்ந்த ஒரு பெண். கணவன் மருத்துவன், அன்பானவன், அடிப்பதில்லை, வைவதில்லை. ஓய்வெடு என்கிறான், எழுதாதே என்கிறான், சன்னலுக்குக் கம்பியிட்ட மாடியறையில் இருக்கச் செய்கிறான். அறையின் சுவர்த்தாளில் உள்ள சித்திரக் கோலத்துக்குப் பின்னே ஒரு பெண் அடைபட்டுத் தவழ்வதாக அவள் காண்கிறாள். முடிவில் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு அவளே அறையைச் சுற்றித் தவழ்கிறாள். கண்ட கணவன் மயங்கி விழுகிறான்.

இங்கே பேய் எது? சுவரிலே தெரிந்த உருவமா? அன்று; அன்பின் பெயரால் வாயடைக்கும் அதிகாரமே பேய். இது வெறும் கற்பனையன்று. 1887-இல் புகழ்பெற்ற மருத்துவர் வெயர் மிட்செலிடம் கில்மன் இத்தகைய ஓய்வுச் சிகிச்சை பெற்றவர். எழுதுகோலைத் தொடவே கூடாதென்று அவருக்கு ஆணையிடப்பட்டது. அந்த ஆணையை மீறி எடுத்த எழுதுகோலே இக்கதையைத் தீட்டியது.

இந்த வழியிலே வந்ததுதான் ஐரா லெவின் 1967-இல் எழுதிய ரோஸ்மேரியின் குழந்தை. நியூயார்க் நகரின் பழைய மாளிகை ஒன்றில் இளந்தம்பதியர் குடியேறுகின்றனர். கணவன் கை, வாய்ப்புக்கு ஏங்கும் நடிகன். அண்டை வீட்டு முதியவர்கள் சாத்தான் வழிபாட்டினர். அவர்களோடு பேரம் பேசி, தன் புகழுக்கு விலையாக மனைவியின் கருப்பையை விற்கிறான்! போட்டி நடிகனுக்குக் கண் போகிறது. கைக்கு வேடம் கிடைக்கிறது. ரோஸ்மேரி சூல் கொள்கிறாள்.

கதையில் சாத்தான் மெய்யாகவே வருகிறான். அது கொண்டு பகுத்தறிவாளர் இதைத் தூக்கியெறிய வேண்டுமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. இந்நாவலில் நம்மை நடுங்கவைக்கும் கட்டத்தில் சாத்தானே இல்லை. சூழ்ச்சியை உணர்ந்த ரோஸ்மேரி, வேறொரு மருத்துவரிடம் ஓடிச்சென்று எல்லாவற்றையும் கூறுகிறாள். அவர் பொறுமையாகக் கேட்கிறார். படுத்து ஓய்வெடு என்கிறார். பிறகு கணவனையும் அந்தச் சூழ்ச்சிக்கார மருத்துவனையும் வரவழைத்து அவளை ஒப்படைத்துவிடுகிறார்! பெண் பேசினாள், பித்து என்றார்கள். தன் உடலைப்பற்றிச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை, கட்டியவனுக்கு உண்டு. கொம்பு முளைத்த சாத்தானைவிட அந்த அறையின் அமைதி கொடியது. இது எந்த நாட்டுப் பெண்ணுக்கும் விளங்கும் திகில்.

எனினும் ஒரு குறை கூறியாகவேண்டும். கதையின் சாத்தானைக் கதையென்றே கொள்ளாமல் மெய்யென்று கொண்டோர் பலர். தாம் சாத்தானை நம்பாத லெவினே, தம் நாவல் மதவெறிக்குத் துணை போயிற்றோ என்று பிற்காலத்தில் கவலை தெரிவித்தார். அந்தக் கவலை நேர்மையானது. எழுதுவோர் அனைவருக்கும் வேண்டியது.

அக்கவலை சற்றும் இல்லாத நாவல், வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய பேயோட்டி. எழுத்தாற்றலை நாம் மறுக்கவில்லை. ஐயத்தால் அலைக்கழிக்கப்படும் காரஸ் பாதிரியார், மனநல மருத்துவமும் கற்றவர். மனத்தில் நிற்கும் பாத்திரம். ஆனால் கதையின் கட்டுமானத்தை நோக்குங்கள். சிறுமிக்கு நோய். மருத்துவர் வருகிறார், தோற்கிறார், இன்னொருவர் வருகிறார், அவரும் தோற்கிறார், கருவிகள் தோற்கின்றன, மருத்துவம் எல்லாம் கைவிரித்த பின் மந்திரம் வெல்கிறது. கடவுள் நம்பிக்கையற்ற தாய், பாதிரியாரிடம் சென்று கெஞ்சுகிறாள். அறிவை மண்டியிட வைப்பதற்கென்றே அடுக்கப்பட்ட படிக்கட்டு இது!

கதைதானே என்பீர்கள். கதைக்கு வெளியே நடந்ததைக் கேளுங்கள். செருமனியில் அன்னலீஸ் மிக்கேல் என்ற மாணவி. வலிப்பு நோய்க்கு மருத்துவம் பெற்றவர். பேய் பிடித்தது என்று கூறி, 1975-இல் தொடங்கி, பத்துத் திங்களுக்குள் 67 முறை பேயோட்டுச் சடங்கு நடத்தினர். உணவின்றி மெலிந்து, 1976 சூலை முதல் நாள், 23-ஆம் வயதில் அவர் மாண்டார். பெற்றோரும் இரண்டு பாதிரியாரும் குற்றவாளிகளே என 1978-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாவல்தான் அப்பெண்ணைக் கொன்றது என்று நாம் கூறவில்லை; சடங்கு நாவலுக்கு மூத்தது. ஆனால் எந்தச் சடங்கு ஓர் உயிரைக் குடித்ததோ, அந்தச் சடங்கை மீட்பனாகக் காட்டும் நாவலைக் கைதட்டி வரவேற்க நம் கை எழவில்லை.

"சரி, பேயே இல்லாத திகில் நாவல்தான் உமக்கு உகந்ததோ?" என்பர். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ராபர்ட் பிளாக் 1959-இல் எழுதிய சைக்கோவில் பேயில்லை, பிசாசில்லை. வழிப்போக்கர் விடுதி, அதை நடத்தும் தனியனான நார்மன், மாளிகையிலிருந்து கேட்கும் தாயின் குரல், குளியலறையில் கொலை. கொலையாளி தாயன்று, தாயாகவே தன்னை நினைத்துக்கொள்ளும் மகனே என்று முடிவில் தெரிகிறது. 1957-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிடிபட்ட எட் கீன் என்பவனின் கொடுஞ்செயல்கள் இதற்குத் தூண்டுதல். பக்கத்து வீட்டுப் பணிவான மனிதனுக்குள்ளும் இருட்டு இருக்கக்கூடும் என்று காட்டியது பிளாக்கின் வெற்றி.

ஆனால் அந்த வெற்றியைப் பார்த்துப் படியெடுத்தவர்கள் செய்ததென்ன? பேயை விரட்டிவிட்டு, காலியான பீடத்தில் மனநோயாளியை ஏற்றினர்! கொலைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. "அவன் பைத்தியம்" என்றால் போதும், கதை முடிந்தது. மனநோயாளரில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர். தீங்குக்கு ஆளாவோரே அவர்களில் மிகுதி. மருத்துவ உலகம் இதைத் திரும்பத் திரும்பக் கூறியும், திகில் நாவல் செவிமடுக்கவில்லை. பேய் என்றது பழைய மடமை. வெறிபிடித்த பித்தன் என்பது சட்டை மாற்றிய அதே மடமை.

இந்த மடமை ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று, நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயரை அடைத்துவைத்திருந்த கூரைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களைக் கட்டியது இரும்பு மட்டுமா? நோயைப் பேய் என்று நம்பிய அறியாமையும், நோயாளியைக் கண்டு அஞ்சிய ஊராரின் நெஞ்சமும் சேர்ந்தே கட்டின. சங்கிலியிடுவதைச் சட்டம் 2017-இல் வெளிப்படையாகத் தடை செய்தது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கலாம்; எண்ணச் சங்கிலியை அறுக்கவேண்டியது எழுத்து. அந்த எழுத்தே புதுச் சங்கிலி வார்க்கலாமா?

ஆகவே, திகில் நாவல் எழுதும் இளைஞர்களுக்கு நாம் தடை போடவில்லை. அச்சத்தை எழுதுங்கள், ஆழமாகவே எழுதுங்கள். நள்ளிரவும், பாழ்மண்டபமும், கதவு தட்டும் ஓசையும் உங்கள் உரிமை. ஆனால் கதவைத் திறக்கும் கட்டத்தில் அங்கே யாரை நிறுத்தப்போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் பொறுப்பு இருக்கிறது. சொத்துக்காக நாய்க்கு ஒளி பூசியவனை நிறுத்தினால், மக்கள் விழிப்பர். மனைவியை விற்ற கணவனை நிறுத்தினால், பெண்கள் நிமிர்வர். நோயுற்ற ஏழையைப் பூதமாக்கி நிறுத்தினால், ஊரார் கல்லெடுப்பர்.

படிப்போருக்கும் ஒரு சொல். வகுப்பறையிலே பாட நூலுக்குள் பேய்க்கதையை மறைத்துப் படிக்கும் மாணவனிடமிருந்து நாம் அதைப் பறிப்பதில்லை. முடித்த பின் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொல்கிறோம்: "இந்தப் பேயினால் யாருக்கு இலாபம்?" அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவனை எந்த மந்திரவாதியும் மிரட்ட முடியாது.