கூம்பு ஆடுகளத்தில் ஜெயித்தது யார்?

நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டம் இல்லாத வாரங்களில் இந்தப் பத்திக்கு வேலை குறைவு. 2024-இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியபோது சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்தாயிற்று. அதனால் இந்த வாரம் ஒரு பழைய போட்டி. மதுரையில் நடந்ததாகக் கதை. முடிவை எழுதியவர் ஏ.பி. நாகராஜன். வெளியான நாள் 1965 ஜூலை 31. படம் ‘திருவிளையாடல்’.

கதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபைக்கு வந்து சவால் விடுகிறார். எதிர்த்துப் பாட வேண்டிய பாணபத்திரர் பயந்துபோய்ச் சொக்கநாதர் சன்னதியில் முறையிடுகிறார். சிவன் விறகு வெட்டியாக வந்து, பாகவதர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடி, எதிராளியை ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டே ஓட வைக்கிறார். பாகவதராக டி.எஸ். பாலையா வாயசைக்க, குரல் பாலமுரளிகிருஷ்ணா. பாணபத்திரராக டி.ஆர். மகாலிங்கம் நடித்துச் சொந்தக் குரலில் பாடினார். சிவனாக சிவாஜி, குரல் டி.எம். சௌந்தரராஜன். பாட்டு கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன். அதே படத்தில், இந்தப் போட்டிக்குச் சம்பந்தமே இல்லாத வேறு கிளைக்கதையில், ஔவையாராக கே.பி. சுந்தராம்பாள். விதிப்படி அவர் களத்தில் இல்லை. இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

தியேட்டரில் பார்த்தவர்களுக்கு முடிவில் சந்தேகமே கிடையாது. ‘பாட்டும் நானே’ வரும்போது திரையில் ஐந்து சிவாஜி. பாடுவதும் அவரே, வாசிப்பதும் அவரே. எதிரணி எப்படித் தாங்கும்? ஆனால் திண்டுக்கல் சமவெளிக்காரர்கள் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்ததைவிட வேப்பமரத்தில் கட்டிய குழாயில் கேட்டதுதான் அதிகம். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா, சின்னாளபட்டிக் கல்யாணம், வேடசந்தூர்ப் பக்கம் காதுகுத்து என்று எந்த விசேஷமானாலும் சவுண்ட் சர்வீஸ்காரர் முதலில் எடுத்து வைத்த தட்டுகளில் இது ஒன்று. பாட்டு மட்டுமா, தருமி வசனத்தைப் பாடப் புத்தகம்போல ஒப்பிக்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆடுகளம் மாறினால் ஆட்டம் மாறும் என்பது கிரிக்கெட்டில் பாலபாடம். கூம்பு ஒலிபெருக்கி என்ற ஆடுகளத்தில் இந்தப் போட்டியின் முடிவு வேறு என்பதுதான் என் கட்சி.

முதலில் ஆடுகள அறிக்கை. கூம்புக்கு அடிநாதம் வராது. மிருதங்கத்தின் தொப்பி, பெரிய வாத்தியக் கோஷ்டியின் கனம் எல்லாம் குழாய்க்குள்ளேயே செத்துவிடும். மனிதக் குரல் எந்த இடத்தில் கூர்மையாக இருக்கிறதோ அந்த நடுப்பகுதியும் அதற்குச் சற்று மேலும்தான் அதன் ராஜ்ஜியம். அதை மட்டும் வாங்கி ஒரே திசையில் வீசும். பொட்டல் காட்டில், காற்று அடங்கிய ராத்திரியில், அடுத்த ஊரில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பவருக்குச் சொல் சொல்லாகக் கேட்கும். வாய்க்குள்ளேயே குழைந்து, மைக்குக்குப் பக்கத்தில் ரகசியம் பேசுகிற குரல் இங்கே பூஜ்யத்தில் அவுட். தொண்டையைத் திறந்து பாடுகிறவருக்கே ரன்.

அப்படித் திறந்த தொண்டை எங்கே தயாரானது? நாடக மேடையில். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த ஸ்பெஷல் நாடகத்தில், ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை, மைக் என்ற பொருளே இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியவர்கள் இருந்தார்கள். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் சுருதியைச் சொல்லும்போது இன்றைக்கும் கிழவர்கள் குரலில் ஒரு கர்வம் ஏறும். 1933 டிசம்பரில், 27 வயதில் போய்விட்டார். அவரோடு ஜோடி சேர்ந்து மேடையையே கலக்கிய கொடுமுடி சுந்தராம்பாள் அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தவரை, நந்தனாராக ஆண் வேடத்திலேயே நடிக்க வைத்து 1935-இல் ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். கிட்டப்பா பாணியின் அடுத்த வாரிசு டி.ஆர். மகாலிங்கம். நமக்கு ரொம்பப் பக்கத்து ஆள். திண்டுக்கல்லில் பாசஞ்சர் ஏறினால் அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி, அடுத்து சோழவந்தான். வைகைக்கு அக்கரையில் அவர் பிறந்த தென்கரை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ‘ஒரு நாள் போதுமா’ என்று பாலமுரளி இறங்கும்போது அவருக்கு வயது 35. மாண்டு ராகத்தில் சாவகாசமாகத் தொடங்கி, பாட்டுக்குள்ளேயே தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயர் வரும் இடத்தில் அந்த ராகத்துக்கே தாவுகிறார். எல்லா ஷாட்டும் கைவசம் இருக்கிறது என்று காட்டுவதுதான் இந்த இன்னிங்ஸின் நோக்கம். அதிலும் ஒரு துளி அலட்சியம் கலந்து காட்ட வேண்டும். ஏனென்றால் அது பாலையாவின் முகத்துக்குப் பொருந்த வேண்டும். தோற்கப்போகிற ஆளுக்கு நாட்டிலேயே ஆகச் சிறந்த தொண்டைகளில் ஒன்றைக் கொடுத்தார்களே, அங்கே நிற்கிறது கே.வி. மகாதேவனின் தைரியம். வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் இவருக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. ஆனால் கூம்பில்? அந்தப் பொடிப் பொடி பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நுணுக்கம் எடுத்த ரன்னில் பாதி ஸ்கோர்போர்டில் ஏறவே இல்லை.

மகாலிங்கத்தின் ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’ நேர் எதிர். சுற்றி வளைப்பு கிடையாது. வந்ததும் மேலே போகிறார், போன இடத்தில் நிற்கிறார். குரல் மெலிசுதான், ஆனால் கம்பி. கூம்புக்கென்றே வார்த்த குரல். கதைப்படி இவர் நாளைய போட்டியை நினைத்து நடுங்குகிற ஆள். பாட்டைக் கேட்டால் ‘இந்தக் குரலை வைத்துக்கொண்டு எதற்கய்யா பயம், நீயே போய்ப் பாடேன்’ என்றுதான் சொல்லத் தோன்றும். திரைக்கதைக்கு இது ஒரு ஓட்டை; ரசிகனுக்கு லாபம். 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யோடு உச்சிக்குப் போனவர், சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, 1958-இல் கண்ணதாசனின் ‘மாலையிட்ட மங்கை’யில்தான் எழுந்து வந்தார். அடிபட்டு மீண்டு வந்த ஆட்டக்காரர் சன்னதியில் நின்று கை நீட்டிக் கேட்கும்போது, அதில் நடிப்பு எவ்வளவு, அனுபவம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

இந்த இடத்தில் நம் ஊர் ரசிகர் ஒருவரை அழைத்து வர வேண்டும். நாகல் நகர்ப் பக்கம் இருக்கிறார், சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். செட்டை விற்றுவிட்டார், தட்டுகளை விற்கவில்லை. இரும்பு பீரோவில் துணிக்குப் பதிலாக அவைதான் நிற்கின்றன. படுக்க வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு வளைந்துவிடும் என்று நிற்க வைத்திருக்கிறார். தட்டை எடுக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். விரல் பள்ளத்தில் படாமல், இரண்டு உள்ளங்கையாலும் விளிம்பில் ஏந்தி, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. இவர் நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் இருக்கும் கோடுகளைப் பார்ப்பார். தட்டை இருட்டில் தடவித் தடவி ஆணியில் மாட்டிய தடம் அது. கோடு நிறைய இருந்தால் தட்டு நிறைய விசேஷம் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மேல்பூச்சே கரைந்து வந்துவிடும். லேபிள் நனையாமல் பச்சைத் தண்ணீரில் துடைப்பதோடு சரி. முள்ளிலும் ஒரு சங்கதி உண்டு. 78-இன் பள்ளம் அகலம், இ.பி., எல்.பி.யின் பள்ளம் குறுகல். பழைய பிளேயரில் முள்ளைத் திருப்பிப் போட ஒரு குட்டிக் காது இருக்கும். மறந்துபோய் மெல்லிய முள்ளை 78-இல் இறக்கினால் அடியில் கிடந்து புழுதியைத்தான் பாடும். இவர் ஒருபோதும் மறந்ததில்லையாம். நம்புகிறேன்.

‘பழம் நீயப்பா’வை இறக்கிவிட்டு, “கேட்டுக்கங்க தம்பி. இந்தம்மா மைக்கப் பாத்துப் பாடல, ஊரப் பாத்துப் பாடுது” என்றார். ஒரு வர்ணனையாளர் சொல்லியிருந்தால் அன்றைய தலைப்புச் செய்தி அது. சுந்தராம்பாளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சொந்த மைதானச் சாதகம் வேறு: ஔவை சமாதானம் பேசும் அந்தப் பழனி இன்று திண்டுக்கல் மாவட்டம். கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையிடம் பேச வேண்டிய பாட்டு. கெஞ்சினால் ஔவைக்கு அழகில்லை, அதட்டினால் முருகன் இறங்கமாட்டான். இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டில் நடக்கிறார். ஒரு எழுத்து சிதறவில்லை. நீட்டி நிறுத்த வேண்டிய இடத்தில் மூச்சு எங்கே எடுத்தார் என்று தேடினேன், கிடைக்கவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று சிறுவயதில் பழகிய பாடம், கடைசி வரிசையே இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்திலும் போகவில்லை. அது கூம்புக்கு வந்து சேர்ந்ததும் தன் வீட்டுக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது.

அதே 1965 ஜூலையில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், பழைய சினிமா தியேட்டரை ஸ்டுடியோவாக மாற்றிய ஸ்டாக்ஸ் கூடத்தில், ஓட்டிஸ் ரெட்டிங் என்ற 23 வயது இளைஞர் ஏறக்குறைய ஒரே நாளில் ஒரு முழு எல்.பி.யைப் பாடி முடித்தார். ‘ஓட்டிஸ் புளூ’. சோல் இசை என்கிறார்களே, அதன் உச்சங்களில் ஒன்று. தேவாலயத்தில் சபையைப் பார்த்து உரக்கப் பாடிப் பழகிய தொண்டைகள் காதலையும் ஏக்கத்தையும் பாட வந்தபோது பிறந்த இசை அது. நம் ஊரில் சபைக்குப் பதில் நாடகக் கொட்டகை. அங்கே ‘ஆமென்’ சொன்ன கூட்டத்தின் வேலையை இங்கே ஆர்மோனியக்காரரின் பின்பாட்டு செய்தது. ரெட்டிங்கும் நிலைக்கவில்லை; 1967 டிசம்பரில் விமான விபத்து, வயது 26. கிட்டப்பாவைவிட ஒரு வயது குறைவு.

அந்த இசையின் தட்டுகளுக்கு உயிரை விட்டவர்கள் அமெரிக்கர்கள் மட்டுமல்ல. வட இங்கிலாந்தில் விகன் என்று பஞ்சாலையும் சுரங்கமுமாக இருந்த ஒரு ஊர். 1973 முதல் 1981 வரை அங்கே கேசினோ என்ற மண்டபத்தில் விடிய விடிய ஆட்டம். போட்டது டெட்ராய்ட் பக்கம் விலைபோகாத சோல் தட்டுகளை. போட்டியாளருக்குத் தெரியக்கூடாதென்று லேபிளை மறைத்துப் பொய்ப்பெயர் ஒட்டுவார்களாம். 1965-இல் அச்சிட்டு, வெளியிடாமலே பெரும்பாலும் அழித்துவிட்ட ஃபிராங்க் வில்சனின் ஒரு தட்டு 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. நம் நாகல் நகர்க்காரரிடம் இதைச் சொன்னேன். விலையைக் கேட்டு அவர் அசரவில்லை. லேபிளை மறைத்த கதைக்குத்தான் சிரித்தார். அவரும் செய்திருக்கிறாராம், எதிர் செட்காரருக்காக. நூற்பாலையும் பூட்டுப் பட்டறையும் தோல் ஷாப்பும் இருக்கும் ஊருக்கு விகன் அவ்வளவு தூரமில்லை.

ஆக, என் மதிப்பெண் பட்டியல். தியேட்டரில் டி.எம்.எஸ். இயர்போனில் பாலமுரளி. கூம்பில் சுந்தராம்பாள், இரண்டாவது மகாலிங்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம், கூம்புக்கே தடை என்று உத்தரவு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த ஆடுகளம் போனதோடு, அங்கே சதம் அடித்தவர்களின் பெயரும் பட்டியலில் கீழே போய்விட்டது. இன்றைய போன் ஸ்பீக்கரில் வளர்ந்த காதுக்கு மகாலிங்கம் ‘கத்துகிறார்’. மெரினாவில் நின்றுகொண்டு மலைப்பாதை வண்டியைக் குறை சொல்வதற்குச் சமம் இது.

டி.எம்.எஸ். ரசிகர்கள் இந்த வாரம் கடிதம் எழுதுவார்கள், தெரியும். மதுரைக்காரரை மூன்றாவது இடத்தில் வைத்துவிட்டு திண்டுக்கல்லில் நடமாட முடியாது. கௌரிமனோகரியில் அவர் எடுத்த எடுப்பு கூம்பிலும் கணீரென்றுதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என் குறை, கூட ஆடிய வாத்தியங்களில் பாதி அங்கே காணாமல் போகின்றன என்பதுதான். ஆனால் அவர்கள் பக்கம் ஒரு பலமான சாட்சி இருக்கிறது. அதை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். பாட்டின் நடுவே சிவன் நிறுத்த, உலகமே நிற்கிற அந்த இடம். தியேட்டரில் அலை நிற்பதைக் கண்ணால் பார்க்கிறோம். கூம்பில் பார்க்க ஒன்றுமில்லை. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் பட்டென்று நின்றுபோகும். பந்தியில் இலைக்கு முன்னால் இருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டு, கரண்ட் போய்விட்டதோ என்று செட்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருப்பார்.