வரைபடத்தில் விஸ்வநத்தத்தைத் தேடுங்கள்

கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஆண்டு முடியும் சமயத்தில் மாணவர்களின் ஷீட்டுகளைச் சுவரில் மாட்டி, மாடல்களை மேசையில் பரப்பி வைப்பார்கள். ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பின் உச்சமான தீசிஸ் வேலைகளுக்குத்தான் அங்கே முதலிடம். பார்க்க வருகிறவர்களில் பலர், கம்ப்யூட்டரில் செய்த அந்திநேரக் காட்சிப் படத்தின் முன் நின்று, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதல் ஷீட்டில், 'கான்செப்ட்' என்ற தலைப்பின் கீழ், இந்த வடிவமைப்பு எதிலிருந்து பிறந்தது என்று மாணவர் சொல்லியிருப்பார். ஓர் ஓவியம், ஒரு குன்று, ஒரு கோயில், ஒரு பழைய மேடு. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது உருவத்தையா, உருவத்துக்குப் பின்னால் இருக்கும் விதியையா? இதைக் கேட்டுக்கொண்டே அடுத்த ஷீட்டுக்குப் போனால் ரசனை தானாகப் பிடிபடும்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தையே சைட்டாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் இங்கே பட்டாசு அருங்காட்சியகம் வரைகிறார் என்று வையுங்கள். புஸ்வாணத்தைப் போல ஒரு கூம்புக் கூரை, தரைச்சக்கரத்தைப் போல ஒரு வட்டத் தளம். யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். இன்னொருவர் ஆலை வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார். சிறு சிறு ஒற்றை அறைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிடம். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகள். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும், உள்ளே இருப்பவர் எந்தப் பக்கமும் ஓட முடிய வேண்டும் என்ற கணக்கில் பிறந்த அமைப்பு இது. சுவரைவிட இடைவெளிக்கு மதிப்பு கூடிய கட்டடக்கலை வேறெங்கே இருக்கிறது? இதைப் பிடித்துக்கொண்டு தன் காட்சிக்கூடங்களைச் சிதறவிட்டு, நடுவிலுள்ள வெளியை நடைபாதையாக்கியவர் இந்த ஊரைப் படித்திருக்கிறார்.

இன்னும் கூர்ந்து பார்த்தவர் மரத்தடிக்கும் வந்து சேர்வார். ஆலைகளில் சோதனை நடக்கும்போதெல்லாம் அதிகாரிகள் எழுதும் விதிமீறல்களில் ஒன்று, மரத்தடியில் வைத்துப் பட்டாசு செய்தது. அது ஆபத்தானது, தடுக்கப்பட வேண்டியதுதான். ஆனால் சித்திரை வெயிலில் அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதையும் அது சொல்கிறது. பாதுகாப்பும் குளிர்ச்சியும் ஒரே அறையில் கிடைக்க என்ன செய்யலாம் என்று ஒரு மாணவர் கேட்டிருந்தால், அந்த ஷீட்டின் முன் நெடுநேரம் நில்லுங்கள்.

நிலத்தை ஆதாரமாக எடுத்தவரிடம் செக்‌ஷனைத் தேடுங்கள். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடம் அது. தரைக்கோட்டுக்குக் கீழே என்ன வரைந்திருக்கிறார்? இந்த வட்டாரத்துக் கரிசல், மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிற்கும் சுவரையும் விரிசல் விடவைக்கும். 'கரிசல்தான் என் இன்ஸ்பிரேஷன்' என்று எழுதிவிட்டுச் சுவருக்குக் கறுப்பு வண்ணம் மட்டும் பூசியிருந்தால் அது போதாது. அசையும் மண்ணில் அசையாமல் நிற்க அடித்தளம் எவ்வளவு ஆழம் போகிறது, மழைநீர் எந்தக் கண்மாய்ப் பக்கம் வடிகிறது என்பதெல்லாம் செக்‌ஷனில் தெரிய வேண்டும்.

ஓவியத்துக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடுதோறும் போய்ச் சேர்ந்தன. அவர் நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தவர். காலண்டர் படத்தின் நிறத்தை முகப்பில் அப்பிவிடுவது எளிது. தூண், அதற்குப் பின்னால் சோலை, அதற்கும் பின்னால் மலை என்று மேடைத் திரை அடுக்கடுக்காக ஆழம் காட்டுகிறதே, அந்த அடுக்கை நடந்துபோகும் அனுபவமாக்குவதில்தான் திறமை தெரியும்.

வரலாற்றுத் தலம் என்றால் இன்னொரு கேள்வி சேர்கிறது: எந்தக் காலம்? 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு பாணியில் கட்டப்பட்டது. முற்றங்களும் தூண்களும் மனதுக்கு இதமானவை. ஆனாலும் உள்ளே இருக்கும் பொருள்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. செட்டிநாட்டு மாளிகைகளுக்கோ வயது சில நூறு ஆண்டுகூட ஆகவில்லை. வட்டாரத்தின் அழகைக் கொடுத்தாலும், அகழாய்வுக் குழியிலிருந்து அந்தக் கட்டடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. நம் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022இல் அங்கே தமிழகத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல்கள் கிடைத்த மண் அடுக்குகளையும், சதுரம் சதுரமாக இறங்கும் குழிகளையும் கட்டடமாக்கும் வாய்ப்பு அடுத்த தீசிஸ் மாணவருக்குக் காத்திருக்கிறது.

விதியை எடுப்பது என்றால் என்ன என்று காட்ட ஜெய்ப்பூரின் ஜவாஹர் கலா கேந்திராவை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1727இல் தொடங்கிய அந்நகரம் ஒன்பது சதுரத் திட்டத்தில் அமைந்தது. குன்று குறுக்கிட்டதால் ஒரு சதுரம் இடம் மாறியது. கேந்திராவை வடிவமைத்த சார்லஸ் கொரியா தன் கட்டடத்தையும் ஒன்பது சதுரமாக்கி, ஒன்றை மட்டும் திருப்பி விலக்கி, அந்தப் பிளவையே வாசலாக்கினார். ஜெய்ப்பூர் மாடங்களையும் வளைவுகளையும் படியெடுக்காமலே, நகரத்தின் விதியையும் அந்த விதி விலகிய இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

மாணவர் வேலைதானே என்று குறைத்து எண்ணவும் வேண்டாம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின், நினைவிடக் கட்டடக்கலை பற்றிய வகுப்பில் உருவாக்கிய வடிவம்தான் வாஷிங்டனின் வியட்நாம் போர் நினைவிடம். 1981 போட்டிக்கு வந்த 1,421 வரைவுகளில் அதுவே வென்றது. மறு ஆண்டே எழுந்தது. நிலத்தைக் கீறி இறங்கும் இரண்டு கறுப்புக் கருங்கல் சுவர்கள். ஒன்று லிங்கன் நினைவிடத்தையும் மற்றது வாஷிங்டன் தூணையும் நோக்கும். பெயர்கள் அகர வரிசையில் இல்லை, இறந்த நாள் வரிசையில் நிற்கின்றன. முதல் நாளும் கடைசி நாளும் இரு சுவர்களும் கூடும் மூலையில் சந்திக்கின்றன.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பகுதியில் இறந்தவர்கள் பலர். அவர்களுக்கான நினைவிடத்தை ஒரு மாணவர் வரைந்திருந்தால், அதில் தீப்பிழம்பு வடிவச் சிலை இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. பெயர்கள் எந்த வரிசையில், எந்த உயரத்தில் இருக்கின்றன, வயதான ஒரு தாய் அங்கே நிழலில் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று பாருங்கள்.

மாணவரிடம் பேசவும் தயங்க வேண்டாம். வேலையை மதிப்பிடும் ஜூரியில் பெரியவர்கள் கேட்டதை விட்டுவிட்டு, எதை வரைந்து பிறகு அழித்தார் என்று கேளுங்கள். டிரேசிங் தாள்களையும் உடைந்த ஸ்டடி மாடல்களையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அக்காவையோ போர்மேனையோ கூடவே அழைத்துப் போங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மதியம் வெயில் எங்கே விழும் என்று மாடலைச் சுற்றி வந்து அவர்கள் சொல்லத் தொடங்கினால், மாணவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார்.