நளன் கதை கேட்ட தருமன்

வாழ்க்கை ஓரிடத்தில் வந்து அசையாமல் நின்றுவிடும் காலங்கள் உண்டு. பெருந்துன்பம் என்று சொல்லும்படி ஒன்றும் நேர்ந்திராது; ஆயினும் நேற்றைய நாளே இன்றாகவும் நாளையாகவும் திரும்பத் திரும்ப வர, எடுத்த காரியம் முடியாமலும் புதிய காரியத்தில் மனம் செல்லாமலும் உள்ளம் ஸ்தம்பித்துக் கிடக்கும். அத்தகைய வேளையில், உற்றார் வந்து சொல்லும் தேறுதலைக் காட்டிலும், என்றோ படித்த கதையின் பாத்திரம் ஒன்று நமக்கு மிக நெருங்கிய துணையாகிவிடுவதைப் பலரும் அனுபவித்திருப்பர். இந்தத் துணை நம்மை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும், எந்த இடத்தில் வழி தவறச் செய்யும் என்பது நிதானமாக ஆராயத் தக்கது.

இவ்வழக்கம் புதியதன்று. சூதில் நாட்டை இழந்து, அருச்சுனனையும் தெய்வ அஸ்திரங்களின்பொருட்டுப் பிரிந்து, காமியக வனத்தில் சோர்ந்திருந்த தருமன், தன்னைப் போல் துர்ப்பாக்கியம் அடைந்த அரசன் வேறு எவனேனும் உண்டோ என்று கேட்க, பிருகதசுவ முனிவர் நளனுடைய கதையைச் சொன்னார் என்கிறது பாரதம். அந்தக் காட்சியே நம் நாட்டில் பின்னர் ஓர் அனுஷ்டானமாகவும் ஆயிற்று. பாரதத்தில் நளனைப் பற்றியவன் கலி. ஜனங்களின் நம்பிக்கையில் அவன் சனியாக மாறி, ஏழரை நாட்டுச் சனி பிடித்தவர்கள் நள சரித்திரத்தைப் படிப்பதும், திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் மூழ்கி எழுவதும் இன்றளவும் நடந்து வருகின்றன.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். கூட்டு வியாபாரத்தில் கைப்பொருளையெல்லாம் இழந்தவர். சனிக்கிழமைதோறும் மாலையில் திண்ணையில் எள்ளெண்ணெய் விளக்கேற்றி வைத்து, முதுகுத்தாள் பிரிந்து நூலால் கட்டியிருந்த நளவெண்பாவை உரக்கப் படிப்பார். “நளனுக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம், தம்பி!” என்று அவர் சொல்லும்போது, கடன்காரர்கள் நடமாடும் அந்தத் தெருவில் அவர் தலை சற்று நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். தன் இழப்பை அவமானமாக எண்ணி உள்ளே முடங்க வேண்டிய மனிதர், ஒரு சக்கரவர்த்தியோடு அதைப் பங்கிட்டுக் கொண்டு திண்ணைக்கு வந்து அமர்ந்தார். பாத்திரங்கள் செய்யும் உபகாரத்தில் இதுவே தலையாயது என்பது என் எண்ணம். நம் துயரம் நமக்குள் இருக்கும்வரை அதற்கு உருவமில்லை. பிறன் ஒருவன்மேல் ஏற்றிக் காணும்போதுதான் அதன் முகமும் அளவும் புலப்படுகின்றன. தன் சூதாட்டத்தைப் பற்றிப் பேச நாக் கூசிய தருமனுக்கு, நளனுடைய சூதாட்டத்தைக் கேட்பது சாத்தியமாயிற்று.

ஆனால் அந்தப் பெரியவரிடம் இன்னொன்றையும் கண்டேன். சுயம்வர காண்டத்தை விரைவாகத் தாண்டிக் கலிதொடர் காண்டத்துக்கு வந்துவிடுவார். நள்ளிரவில் நளன் ஆடையை அரிந்துகொண்டு மனைவி தமயந்தியைக் கானகத்தில் விட்டுப் பிரியும் இடத்தில் குரல் கம்ம, புத்தகத்தை மூடிவிடுவார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். கலிநீங்கு காண்டத்தை அவர் படித்து நான் கேட்டதே இல்லை. துயரத்தைக் கடக்க உதவ வேண்டிய கதை, அதிலேயே குடியிருக்க ஒரு வீடாகவும் அமைந்துவிடக் கூடும் என்பதை அன்று நான் அறியவில்லை. பிற்காலத்தில் என் சொந்தச் சோர்வுகளில், நானும் அவ்வாறே பாதிக் கதைகளைப் படித்துக் கொண்டிருந்தபோது அறிந்தேன்.

இதனினும் கடிய குறை, பாத்திரத்தை முழுமையாக உடுத்திக்கொள்ள முயல்வது. 1774-இல் கெதே எழுதிய வெர்தர் நாவலைப் படித்த ஐரோப்பிய இளைஞர்கள் அவனைப் போலவே நீலச் சட்டையும் மஞ்சள் உள்சட்டையும் அணிந்து திரிந்தார்கள். அவன் தேடிக்கொண்ட முடிவையும் பின்பற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தால் லைப்சிக் நகரில் நூலையும் அந்த உடையையும் சேர்த்தே தடை செய்தார்கள். பாத்திரத்தின் பின்னால் ஆசிரியன் ஒருவன் இருந்து நிகழ்ச்சிகளைக் கோத்துக் கொடுக்கிறான் என்பதும், நம் நாட்களை அவ்விதம் கோத்துக் கொடுப்பார் ஒருவருமில்லை என்பதும் அவர்களுக்கு மறந்துபோயின.

நாமே தேர்ந்த பாத்திரத்தால் விளையும் கேடு இவ்வளவு என்றால், பிறர் நமக்கு விதித்த பாத்திரத்தால் விளைவது அதனினும் கொடிது. துன்புறும் பெண்ணிடம் “தமயந்தியைப் போலப் பொறுத்திரு” என்று உபதேசிப்பவர், பிரிந்தவனைத் தேட அந்தணர்களை நாடெங்கும் அனுப்பி, இரண்டாம் சுயம்வரம் என்ற உபாயத்தால் அவனைத் தன் ஊருக்கே வரவழைத்த தமயந்தியின் புத்தி சாதுரியத்தைச் சொல்வதில்லை. சுவடிகளில் கல்லாய்க் கிடந்த அகலிகையைப் புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் மீண்டும் எழுப்பி, அக்கினிப் பிரவேசத்தைப் பற்றிச் சீதையின் வாயால் கேட்டதும் மறுபடி கல்லாகும்படி செய்தாரே, அது பாத்திரங்களை விலங்காகப் பூட்டும் மனோபாவத்துக்கு ஒரு கலைஞன் சொன்ன மறுப்பு என்றே நான் கொள்கிறேன்.

அங்ஙனமாயின் எதைக் கொள்வது? பெரியவர் படிக்காமல் விட்ட பகுதியில்தான் அதற்கு விடை இருக்கிறது. வாகுகன் என்ற பெயரில் தேர்ப்பாகனாக மறைந்திருந்த நளன், அரசன் இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு விதர்ப்பத்துக்கு விரைகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட அரசன், அதன் இலைகளும் காய்களும் இத்தனை என்று நொடியில் சொல்கிறான். பொழுதாகிறதே என்று அவன் பதறியும் கேளாமல், நளன் தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்க்கிறான், கணக்குத் தவறவில்லை. உடனே தன் அசுவ வித்தையைத் தருவதாகச் சொல்லி, எண்ணின் நுட்பமும் பகடையின் மர்மமும் அடங்கிய அட்சஹிருதயத்தை வாங்கிக் கொள்கிறான். அந்தக் கணத்தில் கலி அவனை விட்டு நீங்குகிறான். கண்ணீராலோ காத்திருப்பாலோ நீங்காதவன், எந்த அறியாமையைக் கொண்டு நளனை வீழ்த்தினானோ அந்த அறியாமை தீர்ந்தபோது நீங்கினான். கதைகளில் இதற்கு நிகரான கட்டங்கள் எனக்குச் சிலவே தெரியும்.

சிறு வயதில் அரிச்சந்திர நாடகம் கண்ட காந்தியடிகளும் அரிச்சந்திரனுடைய வாழ்வனைத்தையும் மேற்கொள்ளவில்லை. சத்தியம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். அவன் சரித்திர புருஷன் அல்லன் என்று பிற்காலத்தில் கருதியபோதும், தம்மளவில் அவன் மெய்யாகவே வாழ்வதாகச் சுய சரிதையில் எழுதினார்.

தருமனும் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போகவில்லை. பிருகதசுவர் கதை முடிந்ததும் அதே அட்சஹிருதயத்தை அவனுக்குக் கற்பித்துவிட்டே சென்றார். பின்னர் அஞ்ஞாதவாசத்துக்கு விராட நகரம் புகுந்தபோது, சமையல் வீமனுக்கும் குதிரை லாயம் நகுலனுக்கும் ஆக, நளன் மறைந்து வாழ்ந்த காலத்துத் தொழில்கள் தம்பியருக்குப் பங்காயின. தருமனோ, எது தன்னை அழித்ததோ அந்தப் பகடைகளையே துணியில் முடிந்து, கங்கன் என்ற பெயரோடு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விராடனுடைய சபைக்குள் நடந்து சென்றான்.