வள்ளல் என்ற வசதியான சொல்

அழகப்பச் செட்டியார் பற்றித் தமிழில் வரும் வாழ்க்கைக் குறிப்புகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது: இதில் மனுஷன் எங்கே?

பெரும்பாலும் அதே காட்சி. 1947. சென்னையில் ஒரு கூட்டம். தொழிலதிபர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் கேட்கிறார். செட்டியார் அங்கேயே எழுந்து சம்மதம் சொல்கிறார். உடனே எழுதுபவர் பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் கூட்டி வந்துவிடுவார். 'வள்ளல்' என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஒப்பீடே தப்பு. முல்லைக்குத் தேர் எதுக்கு என்று பாரி யோசிக்கவில்லை. கதையின் அழகே அதுதான். கோட்டையூர்க்காரரான அழகப்பரோ கணக்குப் பார்த்துக் கொடுத்தவர். தேசிய ஆய்வகங்கள் டெல்லி, புனே, ஜாம்ஷெட்பூர் என்று இடம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், காரைக்குடிக்கு வந்தால் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்றார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. டெல்லியைச் செம்மண் பொட்டலுக்கு இழுத்துவர எவ்வளவு முதல் போடணும் என்று தெரிந்த வியாபாரியின் பேரம் இது. பேரம் என்று சொல்வதால் அவர் பெருமை குறையாது, கூடும்.

இன்னொன்று, மகமை. வணிகத்தில் வருவதில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கும் நகரத்தார் வழக்கம். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் போய்க்கொண்டிருந்த தர்மப் பணம் கல்லூரிக்கும் போகத் தொடங்கியதுதான் பெரிய மாற்றம். அண்ணாமலைச் செட்டியார் 1929இலேயே பல்கலைக்கழகம் கண்டுவிட்டார். ஒரு மரபு திசை திரும்பியதில் அழகப்பரும் ஓர் ஆள். தனி அதிசயமாக்கினால் அந்த வரலாறு காணாமல் போகிறது.

பணம் வந்த வழியும் அப்படித்தான். திருச்சூர் பக்கம் அவர் தொடங்கிய மில்லைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர். அங்கே நூல் நூற்றவர்கள், நான் வாசித்த குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. காரைக்குடிக் கட்டடங்களில் அவங்க உழைப்பும்தானே இருக்கு?

1957இல், 48ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் அவர் இறந்தார். இவ்வளவு குறுகிய வாழ்க்கைக்குள் இவ்வளவு எப்படி நடந்தது என்று ஒரு நல்ல வரலாறு சொல்லியிருக்க வேண்டும். நமக்குக் கிடைத்தது வாழ்த்துப்பா.

இதில் நமக்கென்ன நஷ்டம்? கொடுப்பது பிறவிக்குணம் என்றால் கொடுக்காதவர் மேல் குற்றமே இல்லை. பாவம், அவருக்கு அது வாய்க்கல, அவ்வளவுதான். பழக்கம், கணக்கு, மரபு என்றால் இன்றைய கோடீஸ்வரர்களிடமும் கேட்கலாம்.

அந்தக் கூட்டத்தில் செட்டியார் தானாக எழுந்திருக்கவில்லை. முதலியார் கேட்டார்.