ஆவுடையாள் தலமும் ஆண்மக்கட் பெயரும்

பெயர் என்பது ஒருவனைப் பிறரினின்றும் பிரித்தறிதற்கு இடும் குறி என்பர் உலகியலார். அஃது உண்மையே; ஆயினும் முழுவுண்மை அன்று. தனக்கெனப் பெயரும் வடிவும் இல்லாத முதல்வன், உயிர்கள் அழைத்து உய்தற்பொருட்டே பெயர்களை ஏற்றருளினன் என்பது சைவர் துணிபு. அத்திருப்பெயரை மகனுக்கு இட்டு வழங்கும் இல்லத்தில், உண்ண அழைப்பினும் உறங்க அழைப்பினும் இறைவன் பெயரே நாவில் நிற்கும். பெயரிடுதலை முன்னோர் ஒரு வழிபாடாகக் கொண்டது இக்கருத்துப்பற்றியே.

இந்நாளில் அச்சுநூலாகவும் இணையத்தின் வாயிலாகவும் உலவும் ஆண்மகவுப் பெயர்ப்பட்டியல்கள் இக்கருத்திற்குப் பெரிதும் மாறுபட்டன. பிறர் எவர்க்கும் இல்லாத பெயரொன்றைக் காட்டுதலே அவற்றின் நோக்கம். முதலெழுத்துப் பிறந்த நாண்மீனுக்கு ஏற்றதாதல் வேண்டும். ஓசை புதிதாதல் வேண்டும். இவ்விரண்டும் அமைந்தபின் பொருள் ஒருவரியில் ஒட்டப்படுகின்றது. 'ரியான்ஷ்' என்னும் பெயருக்குத் 'திருமாலின் அம்சம்' எனப் பொருள் எழுதுவாருளர். இறுதிப்பகுதி 'அம்சம்' என்னும் வடசொல்லின் வடநாட்டு ஒலிப்பு என்பது தெளிவு. முற்பகுதி திருமாலை உணர்த்துமாறு யாங்ஙனம் என்பதற்கு அப்பட்டியல்களில் விடையில்லை. ஓசை முன்னே பிறந்து, பொருள் பின்னே தேடப்பட்ட பெயர் இது.

அரிய பெயர் வேண்டும் என்னும் விருப்பம் குற்றமன்று. ஆயின், வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைதல் பேதைமையன்றோ? இதற்குச் சங்கரன்கோவில் ஒன்றே சாலும். 2019-ஆம் ஆண்டில் அமைந்த தென்காசி மாவட்டத்துள்ள இவ்வூர், தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்களுள் மண்தலமாக வைத்து எண்ணப்படுவது. புற்றுமண்ணே இங்குப் பிரசாதம். தொன்மையில் புன்னைக் காடாக இருந்தமையின் 'புன்னைவனம்' என்பது இங்கு ஆண்மக்கட் பெயராயிற்று. 'சங்கரன்' என்பது நன்மை செய்பவன் எனப் பொருள்படும். 'சங்கரநாராயணன்' என்னும் பெயரிலோ ஒரு தலபுராணமே அடங்கியுள்ளது. அரன் பெரியனோ அரி பெரியனோ என நாகவரசராகிய சங்கனும் பதுமனும் வழக்கிட்டதும், அம்மை தவமிருந்ததும், அத்தவத்திற்கு இரங்கி இருவரும் ஒருவடிவாய்த் தோன்றியதும் அப்பெயரைச் சொல்லுந்தோறும் நினைவில் எழுவன. ஆடித்தபசு விழா ஆண்டிற்கு ஒருமுறை; பெயரோ நாடோறும் நிகழும் விழா.

பிழை பட்டியலாரிடத்து மட்டும் உளதெனல் நடுநிலையன்று. இத்தலத்து அம்மை திருப்பெயராகிய 'கோமதி' என்பதைக் கோ, மதி எனப் பிரித்து, மதி திங்களென்று உரைக்கும் அன்பர் பலர். வடமொழியில் 'கோ' என்பது பசு. 'மதி' என்பது உடைமைப்பொருள் தரும் ஈற்றின் பெண்பால் வடிவம். ஸ்ரீமதி, பானுமதி என்பவற்றில் நிற்பதும் அதுவே. எனவே கோமதி என்பவள் பசுக்களை உடையவள். 'ஆவுடையாள்' எனத் தமிழில் வழங்கும் திருப்பெயர் இப்பொருளைச் சிறிதும் வழுவாது காட்டுகின்றது. கோமதிநாயகம், ஆவுடைநாயகம் என்னும் இரண்டும் ஆவுடையாட்குத் தலைவனாகிய சிவபெருமானையே குறித்தன. பொருளறியாது பெயரைப் போற்றுதல், புதுப்பெயர் விரும்புவார்க்கு அதனைக் கைவிட வழிகாட்டுவதேயாம்.

இவ்வாறு இருமொழியிலும் பொருளொத்த பெயர் வழங்குதல் சந்தான மரபிற்குப் புதிதன்று. திருவெண்காட்டு வழிபாட்டால் தோன்றிய பிள்ளைக்குச் சுவேதவனப்பெருமாள் எனப் பெற்றோர் அவ்வூர்ப் பெயரையே இட்டனர். பரஞ்சோதி முனிவர், தம் ஆசிரியராகிய சத்தியஞான தரிசினிகளின் பெயரைத் தமிழாக்கி அப்பிள்ளைக்கு 'மெய்கண்டார்' எனச் சூட்டினர். முதற்பெயர் தலத்தையும், பின்னையது குருமரபையும் உணர்த்தின. இவ்விரண்டினுள் ஒன்றையேனும் உணர்த்தாத பெயரால் பிள்ளைக்கு வரும் சிறப்பு யாதோ?

மற்றுமொரு குறை உண்டு. பெயரிடும் நாளில் பாட்டன் பெயரைச் செவியில் ஓதிவிட்டு, பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் எழுதுவார் சைவருள்ளும் உளர். திங்களூர் அப்பூதியடிகள் செய்தது இதற்கு முற்றும் மறுதலை. நேரிற் காணாத நாவுக்கரசர் பெயரைத் தம் மக்கள் அனைவர்க்கும் இட்டார். அளக்கும் கருவிகட்கும், பசு எருமைகட்கும், தண்ணீர்ப்பந்தர்க்கும் இட்டார். மூத்தவனும் திருநாவுக்கரசு, இளையவனும் திருநாவுக்கரசு. பிறரினின்றும் பிரித்தறிதலே பெயரின் பயனாயின், இச்செயல் நகைப்பிற்கிடமாகும். அழைத்து உய்தலே பயனாயின், இதனினும் சிறந்த பெயரீடு இல்லை.

நாண்மீன் எழுத்தை விடமாட்டாதவர்க்கும் இடர்ப்பாடில்லை. அசுவினிக்குரிய 'சோ' வேண்டுவார்க்குச் சோமசுந்தரம் உண்டு. உரோகிணிக்குரிய 'வி' வேண்டுவார்க்கு விசுவநாதன் உண்டு. கருவையம்பதியின் பால்வண்ணம், குற்றாலத்தின் குற்றாலநாதன், நெல்லையின் நெல்லையப்பன் எனத் தலந்தோறும் பெயர்கள் நிரம்பியுள்ளன. வழங்குவோர் குறையின் இவையும் ஏட்டளவில் நின்றுவிடும்; ஏட்டில் நிற்கும் பெயரை எழுத்தெண்ணிப் படிக்கலாம், வாசலில் நின்று கூவி அழைத்தல் இயலாது.

ஆதலின் மகப்பெற்ற சைவ நன்மக்கள், பட்டியலைப் புரட்டுதற்கு முன் தம் ஊர்த் திருக்கோயிலுக்குச் சென்று, அங்குறையும் அம்மையப்பர் திருப்பெயரும் அதன் பொருளும் யாவை என வினவியறிதல் கடனாம். ஆவுடையாள் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.