கதையைத் திருத்தும் உரிமை

2015 ஜனவரியில் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மாநாட்டில் ‘கிளவுட்ஸ் ஓவர் சித்ரா’ என்ற விஆர் (மெய்நிகர்) படத்தைக் காட்டினார்கள். கேபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் ஐ.நா.வுக்காக எடுத்த படம் அது. ஜோர்டானின் சாதாரி முகாமில் வாழும் பன்னிரண்டு வயது சிரியச் சிறுமி தன் வகுப்பறையையும் வீட்டையும் காட்டிக்கொண்டு போகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகாம்தான். அதே ஆண்டில் மில்க், விஆரைப் பரிவை உண்டாக்கும் இயந்திரம் என்றே மேடையில் வர்ணித்தார். உளவியலாளர் பால் புளூம் இதைக் கடுமையாக மறுத்தார். நினைத்தபோது கழற்றி வைக்கக்கூடிய கருவி, தப்ப வழியில்லாதவரின் அச்சத்தை எப்படித் தரும் என்பது அவர் கேள்வி.

புளூமின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் விஆரை மட்டும் வைத்து, அகதிகளின் கதையைச் சொல்லும் டிஜிட்டல் படைப்புகளையெல்லாம் எடைபோட முடியாது. சித்ராவின் முகாமில் பார்வையாளர் தலையைத் திருப்பலாம், அவ்வளவுதான். வீடியோ கேம் அவரிடம் ஒரு முடிவை எடுக்கச் சொல்கிறது. சில சமயம், எடுத்த முடிவைத் தட்டிப் பறிக்கவும் செய்கிறது. 2006இல் சூசனா ரூயிஸும் சக மாணவர்களும் உருவாக்கிய ‘டார்ஃபர் இஸ் டையிங்’ கேமில், தண்ணீர் எடுத்துவர யாரை அனுப்புவது என்று நாம் சொல்ல வேண்டும். குடும்பத்தில் பெரிய ஆணைத் தேர்ந்தெடுத்தால் கேம் மறுத்துவிடும். ஜன்ஜாவீத் ஆயுதக் குழுவினர் அவரைக் கொன்றுவிடுவார்கள், வேறு ஆளைச் சொல் என்று சொல்லிவிடும். பெண்ணின் கையிலோ குழந்தையின் கையிலோ தண்ணீர்க்கேனைக் கொடுத்து ஓடவிட வேண்டியதுதான். சூடானின் டார்ஃபர் பகுதியில் நடந்த போரின் கொடூரம் அந்த ஒரு மறுப்பிலேயே வந்துவிடுகிறது.

2017இல் பிரான்ஸிலிருந்து வந்த ‘பெரி மீ, மை லவ்’ இன்னும் நுட்பமானது. ஐரோப்பாவை நோக்கிப் புறப்பட்ட ஒரு சிரியப் பெண்ணின் வாட்ஸ்அப் செய்திகளை ‘லெ மோந்த்’ நாளிதழ் வெளியிட்டிருந்தது. அதுதான் இந்தக் கேமுக்கு வித்து. நாம் இங்கே பயணி அல்ல, சிரியாவிலேயே தங்கிவிட்ட கணவன் மஜ்து. மனைவி நூர் போகிற வழியில் செய்தி அனுப்புவாள். நாம் யோசனை சொல்லலாம், அவள் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சில நேரம் மணிக்கணக்கில் பதிலே வராது. காத்திருக்கத்தான் வேண்டும். மொத்தம் 19 முடிவுகள். அகதியின் உடம்புக்குள் நம்மை நுழைத்துவிட்டதாக இந்தக் கேம் பாவனை செய்யவில்லை. போனைக் கையில் பிடித்தபடி பதைக்கும் உறவினரின் இடத்தில்தான் வைக்கிறது. அந்த அடக்கம்தான் அதன் நேர்மை.

இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ‘பாத் அவுட்’. 2014இல் சிரியாவிலிருந்து தப்பிய ஓவியர் அப்துல்லா கரம், வியன்னாவின் காவ்ஸா கிரியேஷன்ஸ் குழுவோடு சேர்ந்து தன் சொந்தக் கதையையே கேமாக்கினார். பழைய ஜப்பானியக் கேம்களின் பாணியில் குட்டிக் குட்டிப் பொம்மை உருவங்கள். நாம் தவறாக அடியெடுத்து வைத்து அவருடைய பாத்திரம் செத்துப்போனால், திரையின் மூலையில் உயிருள்ள அப்துல்லாவே வீடியோவில் வந்து நம்மைக் கேலி செய்கிறார். நாம் அவரைச் சாகடித்தோம்; அவரோ எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். அனுதாபத்தில் கரைந்துவிடலாம் என்று போனவருக்கு அங்கே இடமில்லை. கதை அவருடையது, நாம் தப்பாக வாசித்தால் திருத்துவதற்கு அவர் இருக்கிறார். சித்ராவின் படத்தில் அந்தச் சிறுமிக்கு இந்த வசதி இல்லை. கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

உகாண்டா அகதி முகாமில் வளர்ந்த தென் சூடானியர் லூவல் மேயன், தாய் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கித் தந்த மடிக்கணினியில் கேம் செய்யக் கற்றவர். அவரும் அப்துல்லாவைப் போலத் தன் கதைக்குத் தானே பொறுப்பேற்றவர்தான்.

நம் பக்கத்தில், இலங்கையின் வன்னிப் போரைச் சொல்லும் ‘வன்னி’ என்ற சித்திர நாவல் 2019இல் வந்தது. எழுதியவர் அங்கே ஐ.நா. பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லிண்ட்சே பொல்லாக். தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களிலிருந்து கட்டிய கதை. அது அச்சுப் புத்தகம் என்பதால் இன்றும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் ‘டார்ஃபர் இஸ் டையிங்’ ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டது. 2020 முடிவில் அடோபி நிறுவனம் ஃபிளாஷை நிறுத்தியதும் சாதாரண பிரவுசரில் அது ஓடாமல் போனது. தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் இந்தச் சாட்சியங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக் காப்பாற்றும் வேலையை ஆவணக் காப்பகங்கள் இப்போதே தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையிலும் கதைக்கு உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.